துபாஷி இல்லாத சமஸ்தானம்

ராஜாங்கங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ராஜாக்களைப் பற்றி எழுதுகிறார்கள், மந்திரிகளைப் பற்றி எழுதுகிறார்கள், தளகர்த்தர்களையும் விடுவதில்லை. ஆனால் இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன துபாஷியைப் பற்றி அநேகமாக யாரும் எழுதுவதில்லை. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப்போல், 1736 முதல் 1761 வரை தாமே உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதி வைத்தால்தான் உண்டு.

நான் இங்கே சொல்லப்போகிற துபாஷிக்கு நாட்குறிப்பு எழுதத் தெரியாது. ஏனென்றால் அது மனிதப் பிறவி அல்ல. கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த ஒரு சின்னஞ்சிறு புரோகிராம். வீட்டு அறையிலேயே பாட்டைப் பதிவு செய்து, அதற்கு வாத்தியம் சேர்த்து, மெருகேற்றி வெளியிடுகிற லட்சக்கணக்கான பேர் உலகத்தில் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களில் ஒரு பெரும் கூட்டத்துக்கு அந்தத் துபாஷி சில வருஷ காலம் சோறு போட்டது. பிறகு ஓசையில்லாமல் மறைந்தும் போயிற்று. அது வந்த கதையையும் போன கதையையும் தெரிந்துகொள்வதில் சங்கீதக்காரர்களுக்கு மட்டுமல்ல, நம்மைப்போன்ற எழுத்துக்காரர்களுக்கும் லாபம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒரு கேள்வி. ஒலிப்பதிவுக் கூடம் என்றால் அந்தக் காலத்தில் என்ன? பெரிய மண்டபத்தில் பாடினால் குரல் கொஞ்ச நேரம் சுழன்று அடங்குகிறதே, அந்த முழக்கத்தைச் சிறிய அறையில் பாடின பாட்டுக்கும் கொடுக்க வேண்டும். அதற்காக 1957-ல் மேற்கு ஜெர்மனியின் ஈ.எம்.டி. கம்பெனி 140 என்ற எண்ணுள்ள ஒரு கருவியை வெளியிட்டது. சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள மெல்லிய எஃகுத் தகட்டை ஒரு சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். குரலை மின்சாரமாக்கி அந்தத் தகட்டை அதிர வைத்து, அதிர்ச்சியை மறுபடி ஒலியாக வாங்கிக் கொள்ள வேண்டும். காது குளிர்ந்தது, வாஸ்தவம். ஆனால் அதன் கனம் சுமார் 270 கிலோ! வாடகை வீட்டு மாடியில் குடியிருக்கும் பாடகன் அதைக் கனவில்கூடத் தூக்க முடியுமா?

அந்த 270 கிலோவை ஒரு கிராம்கூட இல்லாமல் ஆக்கிய ஆண்டு 1996. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் கார்ல் ஸ்டைன்பெர்க், மான்ஃபிரெட் ரூருப் என்ற இருவர் 1984-ல் தொடங்கிய ஸ்டைன்பெர்க் கம்பெனி, 1989-ல் அட்டாரி கம்ப்யூட்டருக்காக க்யூபேஸ் என்ற மென்பொருளை வெளியிட்டிருந்தது. 1996-ல் அதன் புது அவதாரம் மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதற்குள் முழக்கம், எதிரொலி முதலிய வேலைகளைச் செய்யும் சிறு சிறு புரோகிராம்களை, சுவரில் இருக்கிற துளையில் விளக்கின் பிளக்கைச் செருகுவதுபோல், வேண்டும்போது செருகிக் கொள்ளலாம். ஆகவேதான் அவற்றுக்கு ப்ளக்-இன் என்று பெயர். செருகும் முறைக்கு வி.எஸ்.டி. என்று பெயர் வைத்தார்கள்.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் ஸ்டைன்பெர்க் செய்தது. செருகும் துளையின் அளவு என்ன, எத்தனை முனை, எந்த முனையில் என்ன போகும் என்ற விவரங்களையெல்லாம் மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ப்ளக்-இன் எழுதலாம்! கேட்க வேண்டுமா? கல்லூரி மாணவர்கள் எழுதினார்கள். பொழுதுபோக்குக்காகச் சிலர் எழுதினார்கள். எழுதியதை இலவசமாகவே கொடுத்தார்கள். 1999-ல் வி.எஸ்.டி.யின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, முழக்கம் மட்டுமல்ல, வாத்தியங்களே ப்ளக்-இன் உருவில் வரத் தொடங்கின. பியானோ வாங்கக் காசில்லாதவன் வீட்டிலும் பியானோ பேசிற்று.

இத்தோடு கதை முடிந்திருந்தால் துபாஷிக்கு வேலையே இருந்திராது. உலகத்தில் ஒரே பாஷைதான் என்றால் மொழிபெயர்ப்பாளன் பட்டினிதானே? ஆனால் ஒரு கடை வீதியில் ஒரு கடை நன்றாக நடந்தால் எதிர்க்கடை வராமல் இருக்குமா? அமெரிக்காவில் கேக்வாக் என்ற மென்பொருளை விற்றவர்கள், மைக்ரோசாஃப்ட் வகுத்த டைரக்ட்எக்ஸ் என்ற முறையைக் கைக்கொண்டார்கள். பெரிய ஸ்டூடியோக்களில் கொலுவிருந்த புரோ டூல்ஸ் தனக்கென்று வேறு முறை வைத்துக் கொண்டது. ஒருவருடைய பிளக் மற்றவருடைய துளையில் நுழையாது. செய்கிற வேலை ஒன்றுதான். வித்தியாசம் முனைகளில் மட்டுந்தான்.

அப்புறம் 2002-ஆம் ஆண்டு வந்தது. ஹாம்பர்க்குக்குப் பக்கத்திலேயே ரெல்லிங்கன் என்ற ஊரில் எமாஜிக் என்றொரு கம்பெனி லாஜிக் என்ற மென்பொருளைச் செய்து வந்தது. லாஜிக்கும் க்யூபேஸும் அண்டை வீட்டுப் போட்டியாளர்கள், ஆனாலும் வி.எஸ்.டி. பாஷை இரண்டுக்கும் தெரியும். 2002 ஜூலை 1-ஆம் தேதி எமாஜிக்கை ஆப்பிள் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டதாக அறிவித்தது. எமாஜிக்கின் வருமானத்தில் 65 சதவீதத்துக்கு மேல் மாக்கின்டாஷ்காரர்களிடமிருந்துதான் வருகிறது என்றும், விண்டோஸுக்கான பதிப்புகள் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்றும் அந்த அறிவிப்பு சொல்லிற்று. மீதியிருந்த வாடிக்கையாளர்களுக்கு மூன்று மாதத் தவணை!

மாக்கின்டாஷ் வைத்திருந்தவர்கள் பிழைத்தோம் என்று நினைத்தார்கள். அவர்களுக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. ஆப்பிள் தன்னுடைய புதிய மாக் ஓ.எஸ். எக்ஸ் என்ற அமைப்போடு ஆடியோ யூனிட் என்ற ப்ளக்-இன் முறையையும் வகுத்திருந்தது. புது அமைப்பில் ஓடிய லாஜிக், ஆடியோ யூனிட்டை மட்டுமே ஏற்றது, வி.எஸ்.டி.யை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஆப்பிள் கட்சிக்கும் நியாயம் உண்டு என்று சொல்ல வேண்டும். ப்ளக்-இன் என்பது ஏதோ ஒரு கம்பெனியின் சொத்தாக இல்லாமல் கம்ப்யூட்டரின் அமைப்பிலேயே சேர்ந்திருந்தால், எல்லாச் சங்கீத மென்பொருளும் அதைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் நேற்றுவரை சேர்த்து வைத்த வி.எஸ்.டி. ப்ளக்-இன்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ராஜாக்கள் பதில் சொல்வது வழக்கமில்லை.

2004 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி காரேஜ்பேண்ட் என்ற மென்பொருளை வெளியிட்டார். பாட்டுக்காரர் ஜான் மேயர் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார். புதிதாக மாக்கின்டாஷ் வாங்குகிறவர்களுக்கு அது கூடவே வந்தது. பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கு மற்ற நான்கு மென்பொருள்களோடு சேர்த்து 49 டாலர். சங்கீதம் எந்த வீட்டு மேஜைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதுவும் ஆடியோ யூனிட் பாஷைதான் பேசும். இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடந்தவையோ பெரும்பாலும் வி.எஸ்.டி.! குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது. படித்துறைக் கதவு மட்டும் பூட்டியிருக்கிறது. இதுதான் வீட்டுச் சங்கீதக்காரனின் நிலைமை.

இந்தச் சமயத்தில்தான் லண்டனிலிருந்து துபாஷி வந்து சேர்ந்தது. எஃப்.எக்ஸ்.பான்ஷன் என்ற சிறிய கம்பெனி, வி.எஸ்.டி. ப்ளக்-இன்களை டைரக்ட்எக்ஸ் ஆக்கும் ஒரு மாற்றியை விண்டோஸ்காரர்களுக்காக ஏற்கெனவே விற்றுக் கொண்டிருந்தது. அதே கம்பெனி, வி.எஸ்.டி.யை ஆடியோ யூனிட் ஆக்கும் மாற்றியையும் செய்து வெளியிட்டது. புரோ டூல்ஸுக்கும் ஒன்று செய்தது. மூன்று சமஸ்தானங்களுக்கும் ஒரே வீட்டிலிருந்து துபாஷிகள்!

இந்த மாற்றி என்ன செய்யும்? மூல ப்ளக்-இன்னை உருக்கிப் புதிதாக வார்ப்பதில்லை. அதன் மேல் ஓர் உறையை மாட்டும், அவ்வளவுதான். உறையின் வெளிப்பக்கம் ஆடியோ யூனிட் மாதிரி இருக்கும். உள்ளே பழைய வி.எஸ்.டி. அப்படியே உட்கார்ந்திருக்கும். "இந்தச் சுருதியைக் கொஞ்சம் ஏற்று" என்று காரேஜ்பேண்ட் தன் பாஷையில் சொன்னால், உறை அதை வி.எஸ்.டி. பாஷையில் உள்ளே சொல்லும். உள்ளேயிருந்து வரும் ஒலியை வெளியே கொடுக்கும். ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும். கேட்கிறவன் காதில் பாட்டு மட்டுமே விழும். நல்ல துபாஷியின் லட்சணம் அதுதானே?

ஆனாலும் மொழிபெயர்ப்பு என்றால் ஏதாவது ஒன்று வழியில் சிந்தத்தான் செய்யும். நாவல் எழுதுகிறவனுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அத்தங்கா" என்ற ஒரு சொல்லை இங்கிலீஷில் போட முயன்றவர்களுக்குத் தெரியும், உறவு கிடைத்தாலும் உரிமை கிடைப்பதில்லை என்று. இங்கேயும் அப்படித்தான். பழைய வி.எஸ்.டி.யில் எல்லாத் திருகுகளுக்கும் அளவு ஒன்றே: 0 முதல் 1 வரை. ஆடியோ யூனிட்டிலோ ஒவ்வொரு திருகுக்கும் குறைந்த அளவு, கூடிய அளவு, அலகு எல்லாம் தனித்தனியாகச் சொல்லலாம். இது இத்தனை ஹெர்ட்ஸ், அது இத்தனை டெசிபல் என்று. ஆகவே மாற்றப்பட்ட ப்ளக்-இன்னில், "ஆயிரம் ஹெர்ட்ஸ்" என்று காட்ட வேண்டிய இடத்தில் "0.37" என்பதுபோல் ஏதாவது நிற்கும். ஒலி சரிதான், அர்த்தந்தான் போய்விட்டது.

இரண்டாவது சங்கடம், சுங்கச் சாவடி. ஆடியோ யூனிட் ஒவ்வொன்றும் விதிப்படி நடக்கிறதா என்று பரிசோதிக்க ஆப்பிள் ஒரு சோதனை புரோகிராமை வைத்திருந்தது. 2004-ல் வந்த லாஜிக்கின் ஏழாம் பதிப்பு, சோதனையில் தேறாதவற்றை ஒதுக்கி வைக்கத் தொடங்கிற்று. உறை மாட்டி வந்தவற்றில் சில அங்கே தடுக்கி விழுந்தன. "பரவாயில்லை, உள்ளே விடு" என்று சொந்தக்காரன் கட்டளையிட்டால் விடும். ஆனால் அப்புறம் பாட்டு நடுவழியில் நின்றுபோனால் அவன் பொறுப்பு.

மூன்றாவதுதான் மிகவும் பொல்லாதது. ப்ளக்-இன்னுக்கு ஜாதகம் உண்டு. ஆடியோ யூனிட் என்றால், அது என்ன வகை, எந்தச் சரக்கு, யார் செய்தது என்று நான்கெழுத்துக் குறிகள் மூன்று. பாட்டைச் சேமிக்கும்போது கம்ப்யூட்டர் ஒலியைச் சேமிப்பதில்லை. இந்தக் குறிகளையும் திருகுகளின் நிலையையும்தான் எழுதி வைத்துக் கொள்கிறது. மறுபடி திறக்கும்போது, "இந்தக் குறியுள்ள ஆசாமி எங்கே?" என்று தேடும். உறை மாட்டிய ப்ளக்-இன்னுக்கு உறை கொடுத்த குறி. பிற்காலத்தில் அதே ப்ளக்-இன்னை அதன் ஆசிரியரே ஆடியோ யூனிட்டாகச் செய்து வெளியிட்டால், அதற்கு அவர் கொடுத்த குறி. ஆள் ஒருவரே, பெயர் வேறு. பழைய பாட்டு அவரை அடையாளம் கண்டுகொள்ளாது. துபாஷி மூலமாகச் செய்த ஒப்பந்தத்தைத் துபாஷியைக் கூப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.

துபாஷி எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு இருந்தால் சரி. ஆனால் காலம் சும்மா இருக்கிறதா? 2006 ஜனவரியில் ஆப்பிள் கம்ப்யூட்டரின் மூளையே மாறிற்று. பவர்பிசி போய் இன்டெல் வந்தது. பழைய மூளைக்கு எழுதிய ப்ளக்-இன்னை, புதிய மூளைக்கு எழுதிய மென்பொருளில் செருக முடியாது. அடுத்தபடி 32 பிட்டு போய் 64 பிட்டு வந்தது. 2010-ல் லாஜிக் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டது. 2013-ல் வந்த புதிய பதிப்பில் அந்தப் பாலத்தைக் காணோம். அதே 2013-ல் புரோ டூல்ஸின் பதினோராம் பதிப்பும் தன் பழைய ப்ளக்-இன்களையெல்லாம் கைவிட்டது. 2018 அக்டோபரில் ஸ்டைன்பெர்க், வி.எஸ்.டி. இரண்டாம் பதிப்பின் கருவிகளைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திற்று. 2019-ல் ஆப்பிளின் கேட்டலினா அமைப்பு 32 பிட்டு என்ற பேச்சையே ஒழித்தது. 2020 நவம்பரில் மறுபடியும் மூளை மாற்றம். இன்டெல் போய் ஆப்பிளின் சொந்தச் சில்லு வந்தது. இந்தப் புயல்களுக்கு நடுவே லண்டன் கம்பெனியும் 2016-ல் ரோலி என்ற மற்றொரு லண்டன் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அந்தப் பழைய மாற்றி இன்று விற்பனையில் இல்லை.

என் தம்பி மகன் ஒருவன் 2005-ல் தன் தாயாரை உட்கார வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தான். அந்த அம்மாள் மேடையேறினவள் அல்ல. சமையற்கட்டில் முணுமுணுக்கிற சாரீரந்தான். அதற்கு ஒரு தம்பூரா வேண்டியிருந்தது. யாரோ ஒரு மாணவன் இலவசமாகக் கொடுத்திருந்த தம்பூரா ப்ளக்-இன்னை, மாற்றியின் மூலம் உறை மாட்டிச் சேர்த்துக் கொண்டான். பாட்டு நன்றாகவே அமைந்தது. 2011-ல் அந்த அம்மாள் காலமானாள். 2014-ல், வருஷத் திதியன்று எல்லாரும் கேட்கட்டும் என்று, புதிய கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைத் திறந்தான்.

"பெரியப்பா! அம்மா குரல் இருக்கு. தம்பூரா இல்லே" என்றான்.

குரல் தன்னந்தனியாக வந்தது. சுருதி இல்லாத வீட்டில் பாடுவதுபோல் இருந்தது. தம்பூரா இருக்க வேண்டிய இடத்தில், ப்ளக்-இன்னைக் காணவில்லை என்ற ஓர் அறிவிப்பு நின்றது. அதை எழுதிய மாணவனின் இணையப் பக்கமும் எப்போதோ மூடப்பட்டிருந்தது. பையன் விடவில்லை. சேலத்தில் இருந்த சிநேகிதன் ஒருவன் பழைய கம்ப்யூட்டரைப் பரணில் போட்டு வைத்திருந்தான். பஸ் ஏறிப் போய், அதைத் தூசி தட்டி, அதில் பாட்டைத் திறந்து, தம்பூராவைத் தனியே வெறும் ஒலியாகப் பதிவு செய்து எடுத்து வந்தான். திதி கழிந்து பத்து நாளான பிறகு நாங்கள் அந்தப் பாட்டைக் கேட்டோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குரல் ஏன் பிழைத்தது? தம்பூரா ஏன் பிழைக்கவில்லை? குரல் ஒலியாகவே பதிந்திருந்தது. 1991-ல் மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து வகுத்த வேவ் என்ற கோப்பு முறை அது; இன்றைக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் திறக்கும். தம்பூராவோ ஒலியாக இல்லை. "இன்னாரைக் கூப்பிட்டு இன்ன சுருதியில் மீட்டச் சொல்" என்ற உத்தரவாக மட்டுமே இருந்தது. உத்தரவு இருக்கிறது, வித்வானும் துபாஷியும் போய்விட்டார்கள். அமெரிக்காவில் கிராமி பரிசு வழங்கும் சபையின் தயாரிப்பாளர் பிரிவு, முடிந்த பாட்டின் ஒவ்வொரு தடத்தையும் வெறும் ஒலிக் கோப்பாகவும் எடுத்து வைக்கும்படி சிபாரிசு செய்திருப்பது இதனால்தான்.

அப்படியானால் மாற்றிகளே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. அந்த மாற்றி இல்லாவிட்டால் 2005-ல் அந்தப் பாட்டுக்குத் தம்பூராவே இருந்திராது. துபாஷி தற்காலிகமானவன் என்பதற்காக அவன் செய்த உபகாரம் பொய்யாகி விடுமா? மேலும் துபாஷிகளின் வம்சம் அற்றுப்போய் விடவுமில்லை. பிரான்ஸ் தேசத்து புளூ கேட் ஆடியோ கம்பெனியின் பேட்ச்வொர்க் என்ற ப்ளக்-இன், தானே ஒரு சத்திரம்போல் இருந்து, வேறு பாஷைப் ப்ளக்-இன்களுக்கு உள்ளே இடம் கொடுக்கிறது. ஜூஸ் என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு எழுதுகிறவர்கள், ஒரே தடவை எழுதி, வி.எஸ்.டி., ஆடியோ யூனிட், புரோ டூல்ஸ் என்று எல்லாப் பாஷைகளிலும் ஒரே சமயத்தில் வெளியிடுகிறார்கள். முன்பு வாங்கினவன் வீட்டில் நடந்த மொழிபெயர்ப்பு, இப்போது செய்கிறவன் பட்டறையிலேயே நடக்கிறது. பிறக்கும்போதே பிள்ளை நாலு பாஷை பேசுகிறது!

2022 ஜூனில் பெர்லின் நகரத்துக் கம்பெனிகள் இரண்டு சேர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத கிளாப் என்ற புதிய முறையை வெளியிட்டன. 2025 அக்டோபரில் ஸ்டைன்பெர்க்கும் தன் வி.எஸ்.டி. மூன்றாம் பதிப்பை யாரும் தடையின்றிக் கையாளும்படி உரிமத்தைத் தளர்த்திற்று. நல்ல செய்திதான். ஆனால் அதே 2025 ஜூனில், இன்டெல் காலத்துப் புரோகிராம்களைப் புதிய சில்லில் ஓட்டிக் கொடுத்துவந்த ரொசெட்டா என்ற பெரிய துபாஷிக்கு ஆப்பிள் ஓய்வு நாள் குறித்துவிட்டது. ஒரு கதவு திறக்கிறது. மற்றொரு கதவு மூடுகிறது.

நாவல்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நான் எழுதியதைப் படிக்க, நான் எந்தப் பேனாவால் எழுதினேன் என்று யாரும் தேட வேண்டியதில்லை. பேனா தொலைந்தால் தொலைந்தது; அச்சில் வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் தானாக வருவதில்லை. அவர்களாகவே தேடிக்கொள்ள வேண்டும். ப்ளக்-இன்னைச் செருகுங்கள், உறை மாட்ட வேண்டியிருந்தால் தாராளமாக மாட்டுங்கள். ஆனால் பாட்டு முடிந்த அன்று, படுக்கப் போகுமுன், ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒருமுறை வெறும் ஒலியாக எழுதி வையுங்கள். கால் மணி நேர வேலை. சேலத்துக்கு பஸ் ஏறுவதைவிடச் சுலபம்.